ஐந்தாவது துளை

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மூட்டைக்கு எரிச்சலே அதுதான். இருக்கிற கோளாறு என்றால் எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். இல்லாத கோளாறை எங்கே போய்த் தேடுவது?

மூட்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நூற்றுப் பத்துக் கிலோ உடம்பைச் சுமந்துகொண்டு, இருபத்திரண்டு வருடமாகக் குடிநீர் நிலையத்தின் பணிமனையில் குனிந்து நிமிர்கிற மெக்கானிக்குக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் கொடுத்த பட்டம். அவனும் அதற்காக முகம் சுளித்ததில்லை. போனை எடுத்தால் "மூட்டை பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பான்.

அந்த நிலையத்தில் நான்கு பெரிய குளங்கள். ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் தங்கித் தெளிகிற குளங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு மண் கரை, கரை முழுக்கப் புல். புல்லை வளரவிட்டால் எலி வளை தோண்டும், எங்கே கசிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருடம் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று. அதை ஓட்ட ஓர் ஆள். அந்த ஆள் மூட்டையின் அக்கா வீட்டுக்காரர். மூட்டைக்கு அவர் மச்சான். இந்தக் கதையிலும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு வாரத்தில் மூன்றாவது தடவையாக மச்சான் வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுவந்தார்.

"மறுபடியும் நின்னுடுச்சு மாப்ள."

"எங்க?"

"ரெண்டாம் குளத்துக்கிட்ட. கரையிலேர்ந்து இறங்கிக்கிட்டு இருக்கேன், பொசுக்குனு அணைஞ்சுடுச்சு."

மூட்டை கையை நீட்டிச் சாவியை வாங்கினான். அந்தச் சாவியில் ஒரு சிவப்புக் கயிறு. சாவியை வாங்கியதும் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அவன் வழக்கம். பிறகு ஸ்பார்க் பிளக்கிலிருந்து ஒயரைக் கழற்றித் தள்ளி வைப்பான். இரண்டும் ஆன பிறகுதான் கை வண்டிக்கு அடியில் போகும். இந்த ஒழுங்கு அவனுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒயரைக் கழற்றாமல் பிளேடைக் கையால் சுழற்றினான். அணைந்து கிடந்த எஞ்சின் ஒரே ஒரு துடிப்புத் துடித்தது. இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு போயிற்று. அன்றிலிருந்து சாவி யார் கழுத்தில் இருக்கிறதோ, வண்டி அவர் பொறுப்பு. மேலதிகாரியே வந்து நின்றாலும் கயிறு கழுத்தை விட்டு இறங்காது.

முதல் தடவை பெட்ரோல் வடிகட்டியை மாற்றியிருந்தான். இரண்டாவது தடவை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டினான். இப்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்சைப் பார்த்தான். சீட்டில் ஆள் உட்கார்ந்தால் அது அழுந்தும். ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ சுவிட்ச் விடுபடும், எஞ்சின் அணையும், பிளேடு நிற்கும். ஓட்டுகிறவன் சரிவில் உருண்டு விழுந்து, வண்டி அவன் மேலேயே ஏறி வெட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த சாமான். அது நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் புதியது ஒன்றை மாட்டினான்.

பிறகு தானே ஏறி உட்கார்ந்தான். பணிமனை வாசலிலிருந்து தரைக்கு இறங்கும் சிமெண்ட் சரிவில் மூன்று தடவை இறங்கினான், ஏறினான். ரெண்டாம் குளத்துக் கரை வரைக்கும் போய், மேலும் கீழுமாகப் பத்து வரிசை வெட்டிவிட்டு வந்தான். வண்டி அவன் பாரத்தில் முனகியதே தவிர நிற்கவில்லை.

"நான் ஓட்டினா ஓடுது, நீங்க ஓட்டினா நிக்குது" என்றான் இறங்கிக்கொண்டே. "கோளாறு வண்டில இல்ல மச்சான். ஓட்டுறவர்கிட்ட."

"இருக்கும்" என்றார் மச்சான். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவர். அன்று அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார்.

மதியம் இருவரும் வழக்கம்போல் பணிமனை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மச்சான் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, மூட்டை பக்கம் நகர்த்தினார்.

"உங்க அக்கா அள்ளி அடைச்சு அனுப்புறா. நீ சாப்பிடு."

மூட்டை மறுத்துப் பேசியதில்லை. நாலைந்து மாதமாக இப்படித்தான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவனுடைய வீட்டுக்காரி அளந்துதான் போடுவாள். அக்கா சமையலோ கேட்கவே வேண்டாம். தன் டப்பாவையும் காலி செய்து, மச்சான் டப்பாவையும் வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அன்று கை கழுவும் இடத்தில் மச்சான் மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, அந்த சீட்டு சுவிட்ச் ஒயர் ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டா என்ன? ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும்ல?"

மூட்டை திரும்பிப் பார்த்தான். பிறகு தன் அரை விரலை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இது என்னன்னு தெரியுதா?"

"தெரியுது."

"தெரிஞ்சுமா கேக்கறீங்க? கரைக்கு இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் தண்ணி. நான் உயிரோட இருக்கற வரைக்கும் இந்தப் பணிமனைல எவனும் அந்த ஒயரைச் சேர்க்க மாட்டான். அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

மச்சான் அதற்குமேல் கேட்கவில்லை. அதோடு வண்டி நிற்பதும் நின்றுபோயிற்று. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, ஒரு புகாரும் இல்லை. புது சுவிட்ச் மாட்டியதில்தான் எல்லாம் சரியாயிற்று என்று மூட்டை மார்தட்டிக்கொண்டான். மச்சானையே நிறுத்தி வைத்து, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டான். அவரும் "உன் கையில வித்தை இருக்கு மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. மச்சான் மழைக்கோட்டு போட ஆரம்பித்திருந்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மண்டையைப் பிளக்கிற வெயில். மனிதர் முழங்கால் வரை தொங்குகிற கறுப்பு மழைக்கோட்டோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், மழை உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டு வருதா?"

"புல் தெறிக்குது மாப்ள. சொறியுது."

பத்தொன்பது வருடம் தெறிக்காத புல் இப்போதா தெறிக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூடவே இருக்கிறவரை நாம் எங்கே பார்க்கிறோம்? அவர் வருகிறார், போகிறார் என்பதோடு சரி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேலாளர் அம்மா பணிமனைக்கு வந்தார். நல்லவர்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பார். புதுப் பிளேடு வேண்டுமென்றால் தேய்ந்த பழைய பிளேடைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த விதி. மூலையில் இருந்த தகர டிரம்மில் பழைய பிளேடுகளை மூட்டை போட்டு வைப்பான். அவர் எட்டிப் பார்த்தார்.

"பதினெட்டு இருக்கணும். ஆறுதான் இருக்கு."

மூட்டைக்கு முகம் சிவந்தது. டிரம்மைக் கவிழ்த்தே பார்த்தான். ஆறுதான். ஒவ்வொன்றும் முழ நீளம், ஒரு கிலோவுக்குக் குறையாத இரும்பு. காற்றில் பறந்து போகிற சாமானா?

"இங்க யாரெல்லாம் வர்றாங்க?"

"நான்தான். அப்புறம்..."

அப்புறம் என்று சொல்லும்போதே அவன் கண் சுவருக்குப் போயிற்று. ஆணியில் மச்சானின் மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கிய விதம் சரியில்லை. துணி தொங்குகிற மாதிரி இல்லை. பக்கத்தில் மச்சான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

மூட்டை போய்க் கோட்டின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். வெறும் துணி என்று நினைத்துத் தூக்கிய கைக்கு அது வரவில்லை. இழுத்த இழுப்பில் ஆணி பிடுங்கிக்கொண்டு, கோட்டு சிமெண்ட் தரையில் விழுந்தது. விழுந்த சத்தம் பணிமனை முழுக்கக் கேட்டது.

உள்பக்கத்தில் பழைய துணியை வைத்துப் பைகள் தைக்கப்பட்டிருந்தன. கோணல்மாணலான தையல், ஆம்பளைத் தையல். ஒவ்வொரு பையிலும் கோணி சுற்றிய பிளேடு. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு.

"என்னங்க இது?" என்று மச்சானைப் பார்த்துக் கேட்டார் மேலாளர் அம்மா.

மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா எடுத்தேன்."

"எதுக்கு?"

"எடுத்தேன். அவ்வளவுதான்."

மூட்டைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அக்கா வீட்டுக்காரர், தன் பணிமனையில், தன் கண் முன்னால், இரும்பைத் திருடி மாட்டிக்கொண்டு நிற்கிறார். மேலாளர் அம்மா அவனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், "நாளைக்கு எழுத்துல கேக்கறேன். பதில் கொடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

அவர் தலை மறைந்ததும் மூட்டை வெடித்தான்.

"உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு? இந்தத் துருப்பிடிச்ச இரும்பை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? என் மானத்தை வாங்கணும்னே கிளம்பி வந்தீங்களா? அக்கா மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

மச்சான் மூட்டையின் கழுத்திலிருந்து சாவிக் கயிற்றைத் தானே எடுத்தார். வேறு யாரும் அப்படிச் செய்திருந்தால் அடி விழுந்திருக்கும். அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். பிரேக்கை விட்டார். வாசல் சரிவில் வண்டி இறங்கியது. பாதிச் சரிவில் எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது.

அவர் பிரேக் போட்டு இறங்கி வந்தார். தரையில் கிடந்த கோட்டை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டுக்கொண்டார். திரும்பப் போய் ஏறினார். கிளப்பினார். வண்டி சரிவில் இறங்கி, வளைந்து, புல்தரையில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஏறி வந்து அவன் முன்னால் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

மூட்டைக்கு உடனே புரியவில்லை. சுவிட்சைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். பிறகு கோட்டுக்குள் இருந்த மனிதரைப் பார்த்தான். எத்தனை மாதம் கழித்து அவரைப் பார்த்தான் என்று தெரியவில்லை. கோட்டுக்குள்ளே இரண்டு சட்டை, ஒன்றன் மேல் ஒன்றாக. சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது. கைக்கடிகாரம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தது.

"எவ்வளவு எடை மச்சான் இப்ப?"

"நாப்பத்தாறு. போன வாரம் பார்த்தது."

"எழுபதுக்கு மேல இருந்தீங்களே."

"இருந்தேன்." எஞ்சினை அணைத்தார். "வயித்துல கட்டி. பெரிய ஆஸ்பத்திரில பார்த்துட்டேன். அறுக்கற கட்டத்தைத் தாண்டிடுச்சாம். வலிக்கு மாத்திரை கொடுத்திருக்காங்க. தூக்கம் வர்ற மாத்திரை இல்ல, நீ பயப்படாத. கேட்டுட்டுத்தான் வண்டில ஏறறேன்."

"அக்காவுக்கு?"

"தெரியாது. மெலிஞ்சுட்டீங்கன்னு சொல்றா. வேலை ஜாஸ்தின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

மூட்டை பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு மச்சானின் சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. நாலைந்து மாதம். அக்கா இவருக்கென்று அள்ளி அடைத்து அனுப்பியதையெல்லாம் இவன் வழித்துத் தின்றிருக்கிறான். டப்பா காலியாக வருகிறதே என்று அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். எழுந்து போய் வாந்தி எடுக்கப் பார்த்தான், வரவில்லை.

"நான் தின்னேனே மச்சான்" என்றான்.

"தூக்கித் தூரப் போடறதுக்கு நீ தின்னது நல்லது. அவ கை சாப்பாட்டைக் கீழ கொட்ட எனக்கு மனசு வரல."

பிறகு மூட்டைக்குத் தொழில் புத்தி திரும்பியது.

"இந்தக் கோட்டோட தண்ணிக்குள்ள விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? கல்லைக் கட்டிக்கிட்டு குதிக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"யோசிச்சேன். வேற வழி தெரியல. உன்னைக் கேட்டா விரலைக் காட்டுவே."

"லீவு போட்டுட்டு வீட்டுல இருக்க வேண்டியதுதானே!"

"வீட்டுலயா?" மச்சான் வண்டியின் ஸ்டியரிங்கைத் தடவினார். "தெரிஞ்ச நிமிஷத்துலேர்ந்து உங்க அக்கா என்னைப் படுக்க வெச்சுடுவா. வர்றவங்க எல்லாம் கட்டில் பக்கத்துல உக்காந்து மூஞ்சியைப் பார்ப்பாங்க. வெளிய வந்து மூக்கைச் சிந்துவாங்க. அது எப்படியும் வரப்போகுது, வரட்டும். இங்க மேல உக்காந்தா நான் இன்னும் ஒரு ஆளு மாப்ள. ஆனா இந்த சுவிட்ச் இருக்கே, அதுகூட சீட்டுல ஆளே இல்லைங்குது."

மூட்டை அழுதான். பெரிய உடம்புக்காரர்கள் அழுதால் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். மச்சான் சிரிக்கவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தார்.

அதன் பிறகு மூட்டை சீட்டைத் தூக்கி அடியில் பார்த்தான். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான். சீட்டைத் தாங்குகிற ஸ்பிரிங் ஒரு இரும்புப் பட்டையில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். பட்டையில் ஐந்து துளை. கனத்த ஆளுக்கு விறைப்பான முதல் துளை, மெலிந்த ஆளுக்குத் தளர்ந்த ஐந்தாவது. வண்டி வந்த புதிதில், தான் ஓட்டிப் பார்க்கும்போது சீட்டு இடிக்கிறது என்று முதல் துளையில் மாட்டியவன் அவனேதான். மாட்டியதோடு மறந்துபோனான். அன்றிலிருந்து வண்டியை ஒவ்வொரு தடவையும் தன் எடையை வைத்தே சோதித்து, தன் எடையை வைத்தே சரி என்று சொல்லியிருக்கிறான்.

கொக்கியைக் கழற்றி மூன்றாவது துளையில் மாட்டினான். தேவைக்கு மேல் தளர்த்தினால் ஆள் விழுந்தாலும் சுவிட்ச் உடனே விடுபடாது. மச்சானைக் கோட்டில்லாமல் ஏறச் சொன்னான். சரிவில் இறங்கினார். அணையவில்லை.

"இங்க பாருங்க" என்றான் மூட்டை. "இனிமே கோட்டு கிடையாது. கரைச் சரிவுக்குப் போகக் கூடாது. சமதரைல மட்டும். சரிவை நான் பார்த்துக்கறேன். வலி இருக்கற அன்னிக்கு என்கிட்ட சொல்லணும், சாவி என் கழுத்துல இருக்கும். இன்னும் ரெண்டு துளை பாக்கி இருக்கு. அஞ்சாவது துளைலயும் நின்னுச்சுன்னா..."

"நின்னுச்சுன்னா?"

"அன்னிக்கே அக்காகிட்ட சொல்லிடணும். நீங்களே சொல்லணும்."

மச்சான் கொஞ்சம் யோசித்தார். "சரி" என்றார். "அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரி."

மறுநாள் மேலாளர் அம்மாவிடம் போய், சரிவில் பிடிமானத்துக்கு வண்டியில் பாரம் வேண்டும் என்று சொல்லி, பழைய பிளேடுகளை எடுத்துக்கொள்ளச் சொன்னதே தான்தான் என்று மூட்டை புளுகினான். கேட்கிறவர் காதில் பூவா வைத்திருக்கிறார்? இருந்தாலும் அவர் அதையே எழுதி, அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவன் பெயரில் ஏறிய முதல் கரும்புள்ளி அது. கையெழுத்துப் போடும்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து மூட்டைக்கு வேலை காதில்தான். எதைப் பிரித்துக்கொண்டிருந்தாலும், எதை முடுக்கிக்கொண்டிருந்தாலும், தூரத்தில் வண்டியின் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது வெளியே இருக்கும். சத்தம் நின்றால் கையும் நிற்கும். பெட்ரோல் போட நிறுத்தினாரா, எஞ்சின் சூடு ஆறட்டும் என்று காத்திருக்கிறாரா, பிளேடு சுழலும் கூட்டில் அடைத்த புல்லை எடுக்க இறங்கினாரா? மறுபடி சத்தம் கிளம்பும் வரை அவன் மூச்சு விடமாட்டான்.

மதிய வேளையில் கரைச் சரிவை அவனே வெட்டினான். அதற்குமுன் கொக்கியை முதல் துளைக்கு மாற்றுவான். முடித்ததும் மறக்காமல் மச்சானின் துளையில் மாட்டுவான். கரை உச்சிக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு பக்கமும் தெரியும். ஒரு பக்கம் அசையாத தண்ணீர். மறு பக்கம் வெட்டிய புல், வரிசை வரிசையாக, நீளமாக. ஒருவரும் வந்து எதுவும் கேட்கமாட்டார்கள். பத்தொன்பது வருடமாக மச்சான் இங்கே தனியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போ என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது துளை பதினாறு நாள் தாங்கியது. நான்காவது துளை ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளுக்குள் அக்கா ஒரு தடவை போன் செய்தாள்.

"தம்பி, உங்க மச்சான் அங்க சரியா சாப்பிடறாரா?"

"ம்."

"டப்பா முன்னமாதிரி காலியா வர்றதில்லடா. பாதி அப்படியே இருக்கு. முன்ன நல்லாத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

மூட்டை அந்த டப்பாவில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான்.

"வெயில்ல அப்படித்தான் இருக்கும்க்கா."

"நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட வெய்யி. நீ இருக்கறதாலதான் நான் நிம்மதியா இருக்கேன்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இது சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதா, கூடப் பிறந்தவளை ஏமாற்றுவதா? இரண்டையும் ஒரே வாயால் செய்துகொண்டிருந்தான். தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

ஐந்தாவது துளையில் கொக்கியை மாட்டிய அன்று, மூட்டை இன்னொரு காரியமும் செய்தான். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயரை வெட்டி, இரண்டு முனையிலும் தோலை உரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சீட்டு சுவிட்சுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி அந்தத் துண்டைச் செருகினால் போதும். சீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். அரை நிமிட வேலை. அரை விரலை நீட்டி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், அந்த ஒயரைப் பையில் வைத்துக்கொண்டு ஆறு நாள் நடமாடினான்.

ஏழாம் நாள் காலை பத்து மணி இருக்கும். மூட்டை ஒரு பம்ப்பின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான். வெளியே சத்தம் நின்றது.

காத்திருந்தான். பெட்ரோல் காலையில்தான் நிரப்பியது. புல்லும் காய்ந்த புல், அடைக்காது. சத்தம் கிளம்பியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. அதன் பிறகு ஒன்றும் இல்லை.

பெல்ட்டை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினான். ஓடுவது அவன் உடம்புக்கு ஆகாத காரியம். மூன்றாம் குளத்தைத் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. நல்ல சமதரையில், அரைகுறையாக வெட்டிய ஒரு வரிசையின் நடுவில் வண்டி நின்றது. மச்சான் சீட்டில்தான் இருந்தார். பிரேக் போட்டிருந்தார். பிளேடைத் தூக்கி வைத்திருந்தார். சாவி அவர் கையில் இருந்தது. எல்லாம் முறைப்படி.

"ஒண்ணும் இல்ல மச்சான், ஒண்ணும் இல்ல" என்று மூட்டை மூச்சிரைத்தான். "துருவா இருக்கும். ஒரு நிமிஷம் இறங்குங்க."

அவர் இறங்குவதற்குள்ளேயே சட்டைப் பையிலிருந்து ஒயரை எடுத்துவிட்டான். மச்சான் அதைப் பார்த்தார்.

"அது என்ன கையில?"

மூட்டை கையை மூடிக்கொண்டான்.

"காட்டு."

காட்டினான். உள்ளங்கையில், அரை விரலுக்குப் பக்கத்தில், அந்தத் துண்டு ஒயர் கிடந்தது. மச்சான் அதை எடுத்தார். வளைத்துப் பார்த்தார். நன்றாக உரித்திருக்கிறாய் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு கையை ஓங்கிக் குளத்துப் பக்கம் எறிந்தார். அவர் கைக்கு அது தண்ணீர் வரை போகவில்லை. வெட்டாத புல்லில் விழுந்தது.

"இந்தப் பணிமனைல எவனும் சேர்க்க மாட்டான்னு சொன்னது யாரு?"

"மச்சான், இன்னும் ஒரு வாரம். ஒரே ஒரு வாரம். சமதரைதானே..."

"உன் விரல் போன அன்னிக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது நான். அப்ப என்னால உன்னைத் தூக்க முடிஞ்சுது." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். "போதும் மாப்ள. பேச்சு பேச்சா இருக்கட்டும்."

சிவப்புக் கயிற்றை அவரே மூட்டையின் தலைவழியாக மாட்டினார். எட்டவில்லை, அவன் குனிந்து கொடுத்தான். சாவி நெஞ்சில் வந்து விழுந்தது. வெயிலில் சுட்டது.

வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. பாதி வரிசையில் அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள். மூட்டை தோளைக் கொடுத்தான். மச்சான் முதலில் வேண்டாம் என்றார், வாசல் கேட் நெருங்கும்போது பிடித்துக்கொண்டார். மேலாளர் அம்மா ஜன்னலிலிருந்து பார்த்தார். ஒரு காகிதமும் கேட்கவில்லை.

வீடு பக்கம்தான், இரண்டு தெரு. வழியில் மச்சான் இரண்டு தடவை நின்றார். இரண்டாவது தடவை, "முதல்ல என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். இப்படி ஒன்றை எந்தப் பக்கத்திலிருந்து பிரிக்க ஆரம்பிப்பது என்று யாருக்குத் தெரியும்?

அக்கா கதவைத் திறந்தாள். கையில் ஈரத்துணி இருந்தது. பட்டப்பகலில் இருவரும் சேர்ந்து வந்து நிற்பதைப் பார்த்தாள். தம்பியின் கழுத்தில் சாவிக் கயிற்றைப் பார்த்தாள். அந்தக் கயிற்றின் கதை அவளுக்குத் தெரியும்.

"என்ன இந்த நேரத்துல? வண்டி கெட்டுப்போச்சா?"

மச்சான் செருப்பைக் கழற்றினார். மூட்டையின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, தானாக நிமிர்ந்து நின்றார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "உள்ள வா, உக்காரு. சொல்றேன்."